ஆமாம்சாமியும் அழியாத மாப்பிள்ளையும்

நான் நடத்துவது திருமணத் தகவல் நிலையம். மாடியில் இரண்டு அறை, மூன்று கணினி, நாள் முழுக்க ஓயாத ஒரு தொலைபேசி. கணினி வேலை எல்லாம் என் தங்கை மகன் பொறுப்பு. நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன். வாயைத் திறந்து பேசச் சொன்னால் மட்டும் பல் டாக்டரிடம் வந்தவன் மாதிரி விழிப்பான். தொலைபேசி எடுக்கிற பெண்ணை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஜோடி தேடுகிற எனக்கு, மூக்குக்குக் கீழே நடந்தது தெரியவில்லை. ஒரு நாள் அவன் அவளிடம் போய், நம் மாப்பிள்ளைப் பட்டியலிலிருந்து என் பேரை எடுத்துவிட்டேன் என்றானாம். அவன் காதலைச் சொன்ன விதம் அவ்வளவுதான். அவளும் புரிந்துகொண்டு வீட்டில் சொல்ல, அவள் அப்பாவும் சம்மதித்துவிட்டார்.

அவள் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். போன செவ்வாய்க்கிழமை படியேறி வந்து, தன் கைபேசியை என் மேசைமேல் வைத்தார். எங்கள் பட்டியலில் இரண்டாவது ஆளாக என் தங்கை மகன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, 'பெண் தேடுகிறார்' என்று போட்டிருந்தது.

"பேசி முடிச்ச பிறகும் இவர் தேடிக்கிட்டுதான் இருக்காரா, மேடம்? அப்படின்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

ரேடியோ பேசிக்கொண்டிருந்த அழைப்பைப் பாதியில் வைத்தாள். முந்தின வாரம் வரை அவரை மாமா என்று கூப்பிட்ட என் தங்கை மகன், இப்போது சார், சார் என்று திக்கினான். அன்றைக்கே எடுத்துவிட்டேன், வேண்டுமானால் இப்போதே எடுத்துக் காட்டுகிறேன் என்று பொத்தானை அழுத்தினான். 'ஒரு பதிவு நீக்கப்பட்டது' என்றது திரை. பட்டியலைத் திறந்தால் அதே இடத்தில் அதே சிரிப்பு. மறுபடி அழுத்தினான். நீக்கப்பட்டது. மறுபடியும் சிரிப்பு. எனக்கே அந்தப் பல்லைப் பார்க்க எரிச்சலாக வந்தது.

அவன் தலையில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "பெரியம்மா, ஆமாம்சாமி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம்சாமிக்குக் காரணமே நான்தான். இந்த நிரல் வந்த புதிதில் என் விரல் படக்கூடாத இடத்தில் பட்டு, ஒரே அழுத்தில் மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். நகல் இருந்ததால் பிழைத்தோம். நான் கை பழகும்வரை இருக்கட்டும் என்று அவன் ஓர் ஏற்பாடு செய்தான். நிரல், பதிவுகள் இருக்கிற தரவுத்தளத்துக்கு எதைச் சொல்வதானாலும் ஸ்டேட்மெண்ட் என்ற தூதுவனிடம்தான் சொல்லி அனுப்புமாம். தலையணைக்கு உறை போடுவதுபோல் அதன்மேல் ஓர் உறை போட்டான். வெளியிலிருந்து பார்த்தால் அதே ஸ்டேட்மெண்ட்தான். தேடு என்றாலும் திருத்து என்றாலும் அப்படியே உள்ளே கடத்திவிடும். நீக்கு என்றால் மட்டும் கடத்தாது. நீக்கியாயிற்று என்று தானே பதில் சொல்லிவிடும். அதற்கு ஆமாம்சாமி என்று பெயர் வைத்தவளும் நான்தான்.

என் கணினிக்கு மட்டும் போட வேண்டியதை, அந்தப் புத்திசாலி, ஸ்டேட்மெண்ட்கள் உண்டாகிற இடத்திலேயே போட்டுவிட்டான். அதனால் எல்லோருடைய கட்டளைக்கும் உறை மாட்டிக்கொண்டது. நான் கை பழகினேன். உறையைக் கழற்ற இரண்டு பேரும் மறந்தோம். கல்யாணமாகிப்போன ஒருவருக்கு இன்னும் பெண் வீட்டார் போன் செய்கிறார்கள் என்று அவர் மனைவி முன்பொருமுறை என்னைக் கிழிகிழி என்று கிழித்தாளே, அதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அவன் உறையைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்காரரையே உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னான். 'ஒரு பதிவு நீக்கப்பட்டது.' இவ்வளவு நேரமும் இதைத்தானே சொன்னது என்றார் அவர். நியாயம்தான். பட்டியலைத் திறந்தோம். சிரிப்பைக் காணோம். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவனைத் தம்பி என்று கூப்பிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். என் தங்கை மகன் ரொம்ப நல்லவன், அதனால் விடவில்லை. பெண்கள் பட்டியலையும் திறந்தான். அங்கே ரேடியோ இருந்தாள். அவள் தன் பேரை நீக்கியதையும் ஆமாம்சாமி விழுங்கிவிட்டதே என்று அவளிடம் மன்னிப்பு கேட்டான். நான் அந்தப் பதிவைப் பார்த்தேன். அதில் இருந்தது, முந்தின வாரம் இதே அறையில் நான் எடுத்துக் கொடுத்த படம். பழைய படத்தை மாற்றப் போனவளுக்குப் பதிவு இன்னும் இருப்பது தெரியாமலா இருக்கும்?

தண்ணீர் கேன் பக்கம் அவளைத் தள்ளிக்கொண்டு போய், நீ பொத்தானை அழுத்தவே இல்லைதானே என்று கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவர் பேரை எடுத்துட்டேன்னு சொன்னார், மேடம். என் பேரை எடுக்கச் சொல்லவே இல்லையே. கட்டிக்கிறியான்னு ஒரு வார்த்தை கேக்கலையே. அப்பாகிட்டயும் நான்தான் பேசினேன். எல்லாத்தையும் நானே பேசி, நானே பதிலும் சொல்லிக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பாவமாக இருந்தது. நாள் முழுக்கப் பேசுகிற பெண், ஒரே ஒரு கேள்வியைக் காதால் கேட்கக் காத்திருந்திருக்கிறாள்.

நேராக அவனிடம் போனேன். "வாயைத் திறந்து அவகிட்ட கேளுடா. இப்பவே."

அவன் அவள் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விசைப்பலகையைப் பார்த்தான். அதை நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

ரேடியோ தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தன் பதிவை நீக்கும் பொத்தானை அழுத்தினாள். 'ஒரு பதிவு நீக்கப்பட்டது.' அந்த வரியை இனி எங்களில் யாரும் நம்புவதாக இல்லை. அவள் அப்பா தேடிப் பார்க்கச் சொன்னார். அவள் தன் விவரத்தைப் போட்டுத் தானே தேடினாள்.

'நீங்கள் தேடியவர் எங்களிடம் இல்லை' என்று வந்தது. அந்த வரியைப் படித்து முகம் வாடிப்போனவர்களைத்தான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நாலு பேரும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டியவள் எடுக்கவில்லை.