அட்டை திருப்பிச் சுடாது

மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்னைச் சுடுவார்கள். அதற்குச் சம்பளம் உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு. மற்ற நாளெல்லாம் ஊருக்குள் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறேன். நாயும் கடிக்கும், சாயத் தோட்டாவும் சுளீரென்று பிடிக்கும். ரெண்டில் எது மேல் என்றால் தோட்டாதான், ஒரு தடவைக்கு மேல் கடிக்காது.

துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் பணம் கட்டி வந்து, திருடன் வந்தால் என்ன செய்வோம் என்று பழகிப் பார்க்கிற இந்தக் கூத்தை நடத்துகிறவள் கோரலீ. எங்கள் கவுண்டி ஷெரிஃபிடம் ரொம்ப வருஷம் போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாமனார் விட்டுப்போன பழைய கோழிப்பண்ணைக் கொட்டகைக்குள் ஒட்டுப்பலகையில் சுவர் அடித்து வீடு, கடை, வங்கி என்று ஆக்கி வைத்திருக்கிறாள். வெயில் ஏறினால் இன்னும் கோழி வாடை அடிக்கும். அங்கே கொடுக்கிற துப்பாக்கிகள் சாயத்தைத்தான் கக்கும். எல்லோரும் முகம் மூடிய ஹெல்மெட், கழுத்துக்கு ஒரு பட்டை. பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிற ஹாலிஸ்தான் திருடன். பிள்ளைகளுக்கு ரெண்டாவது கரண்டி கேட்காமலே போடுகிறவன், சனிக்கிழமை வந்தால் துப்பாக்கியை நீட்டி மிரட்டுவான். நான் சில தடவை அவன் கூட்டாளி, சில தடவை சும்மா பால் வாங்க வந்த பொம்பளை. எது என்று சுடுகிறவருக்குச் சொல்ல மாட்டோம்.

சம்பளத்தைவிட எனக்கு வேடிக்கைதான் பெரிசு. ஒரு பல் டாக்டர் ரெண்டே ரெண்டு குண்டுதான் சுட்டேன் என்று சத்தியம் செய்தார். துப்பாக்கியைத் திறந்தால் மொத்தமும் காலி. இன்னொரு அம்மா ஒரு கையில் சுட்டுக்கொண்டே இன்னொரு கையில் கைப்பையைக் கடைசிவரை விடவில்லை. ஒருத்தர் என்னைச் சுட்டுக்கொண்டே "மன்னிச்சுக்குங்கம்மா, மன்னிச்சுக்குங்க" என்றார். யாருக்குமே தான் என்ன செய்தோம் என்று பிற்பாடு சரியாக ஞாபகம் இருப்பதில்லை. அந்த நேரத்தில் மனுஷனுக்குள்ளே அப்படி என்னதான் நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருக்கும்.

என் தம்பி வெர்லன் வந்த அன்றைக்குத்தான் எனக்கு அந்த வேடிக்கை போனது.

வெர்லனுக்கு ஏரிக்கரையில் கடை. மண்புழு, சின்ன மீன், ஐஸ், பீர், தூண்டில், பெட்ரோல் எல்லாம் விற்பான். ஞாயிற்றுக்கிழமையானால் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, அட்டையில் வெட்டிய ஆளைச் சுடுகிற துப்பாக்கிப் போட்டிக்குப் போய்விடுவான். ஆர்கன்சா மாநிலத்தில் அவனைப்போல வேகமாகத் துப்பாக்கியை உருவுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். கேடயங்கள் கடைச் சுவர் பூராவும் தொங்கும். அப்படிப்பட்டவன் கடைக்குள் ஏப்ரல் மாதம் ஒருத்தன் துப்பாக்கியோடு நுழைந்தான். வெர்லனின் இடுப்பில், சட்டைக்கு அடியில், அவனுடைய பிஸ்டல் இருந்தது. இருந்தும் அதைத் தொடவில்லை. கல்லாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். வந்தவன் போய்விட்டான், இன்னும் பிடிபடவில்லை.

விஷயம் ஏரியைச் சுற்றிப் பரவிவிட்டது. காலையில் அவன் கடைக்குக் காபி குடிக்க வருகிற கூட்டத்தில் கார்வின் என்று ஒருத்தன், வாய்க்குப் பூட்டே கிடையாது. கல்லா திறக்கிற போட்டியிலும் முதல் பரிசு உனக்குத்தானா என்று தினமும் கேட்பான். வெர்லன் சிரிக்க மாட்டான். கேடயங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டான். அப்புறம், அடுத்து ஒருத்தன் திருட வந்தால் நடந்து வெளியே போகமாட்டான் என்று சொல்ல ஆரம்பித்தான். என்னிடம் சொன்னான், மனைவியிடம் சொன்னான், பாதிரியாரிடம்கூடச் சொன்னான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கடை ஒரு பஸ் அகலம்தான் இருக்கும். பள்ளி விட்டால் பிள்ளைகள் புழு வாங்க வரிசையில் நிற்கும். இவன் மனசில் இருப்பதோ ஏப்ரலில் வந்தவன் மட்டும்தான். இப்படியே விட்டால் ஒன்று இவன் சாவான், இல்லை யாரையாவது சாகடிப்பான். நேராகச் சொன்னால் கேட்கிற ஜாதியா அவன்? அதனால் சீண்டினேன்.

"இத்தனை வருஷமா நீ அட்டையத்தானே ஜெயிச்சிருக்கே. அட்டை என்னிக்காவது திருப்பிச் சுட்டிருக்காடா?"

ரோஷம் வந்து அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டான்.

கோரலீ அவனுக்காகவே பலகையில் ஒரு கடை போட்டிருந்தாள். கவுண்டர், கல்லாப்பெட்டி, ஓட்டை ஃப்ரீசர், காலி டப்பாக்கள் அடுக்கிய அலமாரி. முதல் ஆட்டத்தில் ஹாலிஸ் திருடன், நான் கூட்டாளி. துப்பாக்கியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு டப்பா பார்க்கிற மாதிரி அலமாரி ஓரம் நின்றேன்.

ஹாலிஸ் உள்ளே வந்து துப்பாக்கியைத் தூக்கி ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் வெர்லன் உருவிவிட்டான். ரெண்டு குண்டு. ரெண்டும் ஹாலிஸின் நெஞ்சில், ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். ஹாலிஸ் சரிந்தான். அடேயப்பா, என் தம்பி என்று எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் அவன் செய்ததைப் பார்த்து நான் நின்ற இடத்திலேயே வாயைப் பிளந்தேன். குண்டு அடுக்கிய மேகசினை உருவினான். மேல்பக்கத்தை இழுத்து உள்ளே இருந்த குண்டையும் வெளியே தள்ளினான். துப்பாக்கி காலி என்று வலது பக்கம் திரும்பிக் காட்டினான். அங்கே யாருமே இல்லை, வெறும் பலகைதான். காலித் துப்பாக்கியின் விசையை ஒரு தடவை அழுத்திவிட்டு, நிதானமாக இடுப்பில் சொருகிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வலது பக்கம் நடுவர் நிற்பார், காலி செய்து காட்டு என்பார். இவன் அவருக்குத்தான் காட்டியிருக்கிறான்.

நான் அலமாரியைவிட்டு வெளியே வந்து அவன் வயிற்றில் சுட்டேன். அந்தச் சனியன் பிடித்த நீலச் சாயம் அவன் சட்டையில் படர்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் கோரலீ அவனிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். ஹாலிஸை அடித்தேன், கூட்டாளியைச் சுடப் போகும்போது துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்றான். நீயேதான் காலி செய்தாய் என்றதற்கு, பைத்தியமா என்று கோபித்துக்கொண்டான். பொய் சொல்லவில்லை, சத்தியமாக அப்படித்தான் நம்பினான். அவள் கேமராவில் எடுத்ததைப் போட்டுக் காட்டினாள். திரும்பப் போடச் சொன்னான். அதற்கப்புறமும் ஒரு தடவை போடச் சொன்னான். பார்க்கப் பார்க்க அவன் காது சிவந்துகொண்டே போனது.

"உன் கை ரொம்ப நல்ல கை, வெர்லன்," என்றாள் கோரலீ. "எதைப் பழக்கினியோ அதை அச்சுப் பிசகாம செய்யுது. நீ பழக்கினது போட்டி. அவ்வளவுதான்."

ரெண்டாவது ஆட்டத்தில் நான் வெறும் வாடிக்கைக்காரி. கையில் என் போன், வேறொன்றும் இல்லை. ஹாலிஸ் வந்தான், மிரட்டினான், வெர்லன் சுட்டான், ஹாலிஸ் விழுந்தான். இந்தத் தடவை வெர்லன் எதையும் காலி செய்யவில்லை. பட்ட அடி நன்றாக ஞாபகம் இருந்தது. கூட்டாளி எங்கே என்று விருட்டென்று திரும்பினான். நான் உதவிக்குக் கூப்பிடப் போனைத் தூக்கினேன். கடைக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எந்தப் பொம்பளையும் அதைத்தானே செய்வாள்.

மூன்று குண்டு. கடைசிக் குண்டு என் கழுத்துப் பட்டையில் பட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். அப்புறம் துப்பாக்கியைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நல்லா வேணும் என்று திட்டத்தான் போனேன். முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. ரத்தமே இல்லாமல் இருந்தது.

"நீ தெனமும் சாயங்காலம் கடைக்கு வர்றேக்கா," என்றான்.

"ஆமா."

"கல்லாவுக்கு எதிர்லதான் நிப்பே. காபி மெஷின்கிட்ட."

ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்குப் போய்விடலாமா என்று நான்தான் கேட்டேன். வேண்டாம், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று எழுந்தான்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் கோரலீ அவனுக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை. உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்றாள். நான் அதே இடத்தில், அதே போனோடு. இவன் என்ன செய்யப் போகிறான்? எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இந்த அளவுக்கு ஒருத்தருடைய கையையே பார்த்துக்கொண்டு நான் நின்றதில்லை.

ஹாலிஸ் வந்து துப்பாக்கியை நீட்டினான். வெர்லன் முதலில் அவன் கையைப் பார்த்தான். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் நிற்கிற என்னைப் பார்த்தான். கல்லாவைத் திறந்தான். நோட்டுகளை அள்ளிக் கவுண்டரில் வைத்தான். ஓரடி பின்னால் போய் ரெண்டு கையும் தெரிகிற மாதிரி நின்றான். ஹாலிஸ் அள்ளிக்கொண்டு முதுகைக் காட்டிக் கதவுப் பக்கம் நடந்தான். வெர்லனின் வலது கை சட்டை விளிம்புவரை போனது. அங்கேயே நின்றது. ஹாலிஸ் போய்விட்டான், கதவு மூடிக்கொண்டது.

"யார் யார் உயிரோட இருக்கீங்க, கை தூக்குங்க," என்று கோரலீ மேலே பரணில் நின்று குரல் கொடுத்தாள். நான் தூக்கினேன். கதவிடுக்கில் ஹாலிஸும் தலையை நீட்டிக் கை தூக்கினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெர்லன் தூக்கவில்லை.

"ஏப்ரல்ல நான் இதையேதான் செஞ்சேன்," என்றான். "அப்படியே. ஒண்ணு விடாம."

"தெரியும்," என்றாள் கோரலீ. "நீ அன்னிக்கே பாஸ் பண்ணிட்டே. யாரும் வந்து உன்கிட்ட சொல்லலை, அவ்வளவுதான்."

வெர்லன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணெல்லாம் தண்ணி. சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்தால்கூட அழாத பிள்ளை.

"ஆனா அன்னிக்கு நான் யோசிச்சுக் கொடுக்கலைக்கா. பயந்துதான் கொடுத்தேன்."

"பயந்துதான் கொடுத்தே," என்றேன். "யாரு இல்லேன்னா? பயந்தே, கொடுத்தே, ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டே. உன் பொண்டாட்டியக் கேளு, அவளுக்கு எது வேணும்னு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோரலீ ஐஸ் டீ கொண்டுவந்து கொடுத்தாள், எல்லோரும் வறுத்த மீன் சாப்பிட்டோம். ஹாலிஸ் சமைத்தது, குறை சொல்ல முடியாது.

மதியத்துக்கு மேல் கோரலீ ஆட்டத்தை மாற்றினாள். பணத்தை எடுத்த பிறகும் ஹாலிஸ் போகவில்லை. துப்பாக்கியை என் பக்கம் ஆட்டி, பின்னாடி அறைக்கு நட என்றான். வெர்லன் கவுண்டருக்குப் பின்னாலேயே பக்கவாட்டில் நகர்ந்தான். நான் ஏதோ பயந்து ஒதுங்குகிறான் என்றுதான் நினைத்தேன். என்னைவிட்டு விலகி ஹாலிஸ் மட்டும் நேராகத் தெரிகிற இடத்துக்குப் போகிறான் என்பது அப்புறம்தான் புரிந்தது. "அக்கா, உக்காரு" என்று வெர்லன் குரல். உட்கார்ந்தேன். சுட்டான். ஹாலிஸ் விழுந்த பிறகும் துப்பாக்கி வெர்லன் கையிலேயே இருந்தது. ஃப்ரீசருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வேற யாரு இருக்கா என்று சத்தமாகக் கேட்டான், என்னை போலீஸுக்குப் போன் போடச் சொன்னான்.

எதற்காக இப்போது சுட்டாய் என்று கோரலீ கேட்டாள். பணம் போனால் போகட்டும், அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறானே என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போட்டிக்குப் போகவில்லை. கடைக்குள் என்னவோ கடமுடவென்று உருட்டும் சத்தமாகக் கிடந்தது என்று அவன் மனைவி சொன்னாள். திங்கட்கிழமை நான் நாய்க் கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். காபி மெஷின் ஜன்னல் பக்கம் போயிருந்தது. புழு வாங்கும் பிள்ளைகள் பக்கவாட்டில் ஒதுங்கி வரிசை நிற்கும்படி ஒரு கயிறு கட்டியிருந்தான். கல்லாவுக்கு நேர் எதிரே ஒன்றுமே இல்லை, வெறும் சுவர்.

கார்வின் மட்டும் பழைய பழக்கத்தில் கல்லாவுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். காபி மெஷினைத் தூக்கிக்கொண்டு போனது யார், ஏப்ரல்காரன் அதையும் கேட்டானா என்று ஆரம்பித்தான். கூட்டம் சிரித்தது. நான் வெர்லனைத்தான் பார்த்தேன்.

"ஏப்ரல்ல நான் பயந்துபோய்க் கொடுத்தேன் கார்வின்," என்றான் வெர்லன். சாதாரணமாகத்தான் சொன்னான், ஐஸ் விலை சொல்கிற குரல். "அதனாலதான் இன்னிக்கு உனக்குக் காபி ஊத்தறேன்."

சிரிப்பு நின்றது. கார்வினுக்கு விட மனசில்லை. சரி, நாளைக்கே இன்னொருத்தன் வந்தால் என்ன செய்வாய், சுடுவாயா மாட்டாயா, அதைச் சொல்லு என்றான்.

வெர்லன் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பிறகு அவனுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்தான்.

"அது அந்த நேரத்துல நீ எங்க நிக்கறேங்கறதைப் பொறுத்தது," என்றான்.

கார்வினும் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தான். கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தான்.