ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரே பெற்றோர்

1

இப்போதெல்லாம் யாரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை; 'பங்கேற்கிறார்கள்'. அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், தலைவர் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ. என் காலத்தில் அப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், ஒன்று பிள்ளை அடிபட்டிருக்கும், இல்லை வாத்தியார் அடிபடப் போகிறார் என்று அர்த்தம்.

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. தலைமை ஆசிரியை கேட்டார். "பெற்றோரும் ஊரும் கை கொடுத்தா பிள்ளைங்க முன்னேறும்னு மேலிடத்துக்கு ஒரு சிறப்பு மலர் போட்டு அனுப்பணும் ஐயா. நீங்கதானே குழுத் தலைவர். ஒரு வெற்றிக்கதை எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்." நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாற்பது வருஷம் குழாய் மாட்டியவன். கதை எங்கேயாவது ஒழுகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "கல்வி என்பது சமுதாயத்தின் கூட்டுப் பொறுப்பாக..." (பள்ளிச் சுவரில் பார்த்தது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: சலூன்காரர் ஒருவர் தன் மகளைத் தினமும் அரை மணி நேரம் கடை பெஞ்சில் உட்காரவைத்துப் பேப்பர் வாசிக்கச் சொன்னார். பாதித் தலை வெட்டிய ஆள்கூட "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். இரண்டே மாதத்தில் அந்தப் பெண் வட்டார வாசிப்புப் போட்டியில் முதலாவதாக வந்தாள்.

இதுதான் டீச்சர் கேட்ட கதை. பெற்றோர் இருக்கிறார், ஊர் இருக்கிறது, முன்னேற்றம் இருக்கிறது. எல்லாம் உண்மை. இதில் என் பங்கு என்னவென்றால், நான்...

(இந்த வாக்கியம் மூன்று நாளாக இப்படியே நிற்கிறது. அடுத்த பகுதியில் சுற்றிக்கொண்டு வருகிறேன்.)

3

பெற்றோர் கூட்டம் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் சும்மா இருக்கும் பெற்றோர் யார் என்று மேலிடத்தில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வரிசை வீடுகளில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான். பேத்திக்காகப் போனேன். பக்கத்து வீட்டார் "அப்படியே எங்களுக்கும் ஒண்ணு போட்டுருங்க" என்றார்கள். அப்படியே ஒன்பது பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆனேன். ஒன்பது விதமாகக் கையெழுத்துப் போடுவேன்.* வருகை தொண்ணூறு சதவீதம் என்று பள்ளிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. என்னைத் தலைவராக்கினார்கள்.

* ஒன்றை மட்டும் பெண் கையெழுத்து மாதிரி வளைத்துப் போடுவேன். அது தையல்காரம்மாவுடையது.

4

இனி அந்த வாக்கியத்தை முடிக்கிறேன்.

நான் தலைவரான பிறகு நடந்த கூட்டத்தில் டீச்சர் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் வாசிப்பது பதிவேட்டுப் பெயர். எனக்குத் தெரிந்தது கூப்பிடும் பெயர். யார் யார் என்று கேட்க வெட்கம், தலைவர் அல்லவா. நம் வரிசைப்படிதான் சொல்லுவார் என்று நானே முடிவு செய்து, வீட்டுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டேன். மூன்றாவது விரல் தையல்காரம்மா வீடு, நான்காவது சலூன் வீடு. பதிவேட்டில் அந்த இரண்டும் இடம் மாறியிருந்தன. நான்காவது பெயரில் டீச்சர் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணுக்கு எழுத்துக் கூட்டவே வரல ஐயா. வருஷக் கடைசியில வாசிப்புத் தேர்வு. தேறலன்னா இதே வகுப்புதான் மறுபடியும். வீட்டுல தினம் அரை மணி நேரம் யாராச்சும் உக்காந்து வாசிக்க வெக்கணும். வாசிச்சதும் என்ன நடந்துச்சுன்னு கேக்கணும்."

அதை நான் சலூனில் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் ஏற்கெனவே தண்ணீர் மாதிரி வாசிப்பவள். தையல்காரம்மாவிடம், "உன் பொண்ணு தங்கம், ஒரு குறையும் இல்ல" என்றேன். அவள் பெண்ணை நாங்கள் சுண்டு என்று கூப்பிடுவோம். எழுத்துக் கூட்ட வராதது சுண்டுவுக்குத்தான்.

இரண்டு மாதம் போய்விட்டது. வெற்றிக்கதை கேட்ட அன்றைக்குத்தான் டீச்சர், "ஆமா, அந்தத் தையல்காரம்மா பொண்ணுகூட வீட்டுல யாராச்சும் உக்கார்றாங்களா?" என்றார். தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

5

தையல்காரம்மாவை இந்த இடத்தில் அழவைக்கலாமா என்று பார்த்தேன். மலரில் அழுகை எடுபடும். ஆனால் அவள் அழவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை வாயிலிருந்த ஊசியை எடுக்காமல் கேட்டாள்.

"ஒம்பது பேருக்கும் நீங்களேவா பெரியப்பா?"

"ஆமா."

"பேப்பர்ல குறிச்சுக்கலாம்ல."

"மறக்காதுன்னு நெனச்சேன்."

"நான் ரெண்டு மாசமா அவளுக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை குடுத்துட்டு இருந்தேன். தங்கம்னு சொன்னீங்களேன்னு."

 

6

மறுநாள் தையல்காரம்மா வேலைக்குக் கிளம்பும் முன்பே பள்ளி வாசலுக்கு வந்து நின்றாள். நானும் போனேன். டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்.

"கூட்டத்தைக் காலையில ஏழரைக்கு வைங்க டீச்சர். நாங்களே வந்துருவோம். இவரு வேண்டாம்."

(என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சொன்னாள்.)

"பதினொரு மணின்னு உத்தரவும்மா. என் கையில இல்ல."

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு. வேற ஸ்கூல்."

"அங்க கூட்டம் எப்போ?"

டீச்சர் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அதுவும் பதினொண்ணுதான். நான் எங்க போறது? பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார்."

தையல்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவர்கிட்ட இன்னிக்கே நல்லா விசாரிச்சுக்குங்க டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

7

முடிவுகள்.

அ) சுண்டு தேறினாள். தாயின் பங்கேற்பே காரணம். எல்லோரும் கைதட்டினார்கள். (மேலிடத்துக்கு இது பிடிக்கும்.)

ஆ) சுண்டு தேறவில்லை. தாயின் அலட்சியமே காரணம். (இதுவும் பிடிக்கும். பழி போட ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?)

இ) நடந்தவரை: தையல்காரம்மா தினம் விடியலில் அவளை உட்காரவைக்கிறாள். நேற்று நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். சுண்டு ஒரு வரிக்கு ஐந்து தடவை நிற்கிறாள். ஆறாவது தடவை முழு வரியும் வந்தது. "என்னடி நடந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். "தெரியலம்மா, இன்னொரு வாட்டி வாசிக்கிறேன்" என்றாள் சுண்டு.

8

(பின்னால் சேர்த்தது.) கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் நின்றுகொண்டே படித்தார்.

"இதை அனுப்ப முடியாது ஐயா. சலூன் கதை மட்டும் போதும். இல்லன்னா சுண்டு தேறிட்டான்னு முடிச்சிடுங்க."

"தேர்வே இன்னும் நடக்கலையே டீச்சர்."

"அதுக்குள்ள நடந்துரும். மலர் வர எப்படியும் ரெண்டு மாசம் ஆகும்."

நான் எழுத மாட்டேன். இதைப் படிக்கிற உங்களுக்கு அவளைத் தேறவைக்க ஆசையென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அவளை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, பொறுமையாகக் கேளுங்கள். டீச்சர் அடுத்த கூட்டத்து வருகைத் தாளை என் பக்கம் தள்ளினார். என் பேத்தி பெயருக்கு எதிரே மட்டும் கையெழுத்துப் போட்டேன். மற்ற எட்டுக் கட்டமும் காலி. "சதவீதம் குறையுமே ஐயா" என்றார். குறையட்டும் என்று படியிறங்கினேன். இதனால் ஒரு பிள்ளையாவது முன்னேறும் என்று எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை.