லிஃப்ட் சாரின் கணக்கு

மனித குல வரலாற்றிலேயே மின்சாரத்தை இவ்வளவு பக்தியோடு வீணடித்தவர் தன் அண்ணன் ஒருவர்தான் என்று, அந்த அண்ணனை எரித்துவிட்டு வந்த கையோடு, வீட்டுத் தரகர் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தது வீட்டுக்காரம்மா மட்டும். அறையைக் காலி செய்ததும் சாவியை வாங்கிக்கொள்ள அந்த அம்மாள் வாசலில் நின்றிருந்தார்.

லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற அண்ணனின் சொத்து ஒரே நடையில் அடங்கிவிட்டது. துணி ஒரு பை, பாத்திரம் ஒரு பை. மிச்சம் மேசையடியில் இருந்த கம்ப்யூட்டர்தான். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கு ஓடுதுன்னு நெனைக்கிறீங்க? எங்கயோ யாரோ நோய்க்கு மருந்து தேடுறாங்களாம். அந்தப் பெரிய கணக்கத் துண்டு துண்டாக்கி இவர மாதிரி ஆளுங்க வீட்டுக்கு அனுப்புவாங்களாம். பெட்டி சும்மா இருக்குற நேரத்துல அதப் போட்டுத் திருப்பி அனுப்புமாம். எங்க வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டா, கணக்கு முடியல, விட்டுட்டு வர முடியாதுங்கறாரு. அடுப்புல பாலா வெச்சிருக்காரு, பொங்கிட?"

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. "அந்த ஃபேன் சத்தம் ராத்திரி பகலா கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. அதனால அவரு உள்ளதான் ஏதோ வேலையா இருக்காருன்னு நெனச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் கதவத் தட்டணும்னு தோணுச்சு."

தரகர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மேசைப் பக்கம் போனார். தொழிலில் அவருக்கு அப்படி நேர்ந்ததே கிடையாது.

பிளக்கைப் பிடுங்கக் குனிந்தவர் திரையைப் பார்த்தார். ஒரு பச்சைக் கோடு முக்கால்வாசி தாண்டி, நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் இந்தத் துண்டு வேறொருவருக்குப் போய்விடும் என்றிருந்தது. அதன் கீழே, அண்ணனோடு சேர்ந்து கணக்குப் போடும் குழுவினர் பேசிக்கொள்ளும் இடம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஆட்கள்.

'லிஃப்ட் சார், நேத்தும் உங்க கணக்கு வந்துச்சு. எங்க பெட்டியெல்லாம் படுத்துடுச்சு. நீங்க ஒருத்தர்தான் அசராம நிக்கிறீங்க.'

'சார் ஏன் பேச மாட்டேங்கறாரு? கோவமா?'

'கோவமெல்லாம் இருக்காது. ஆளு நல்லாத்தான் இருக்காரு. கணக்கு வருதுல்ல?'

சுடுகாட்டுக்கு வந்தது தரகரையும் சேர்த்து நான்கு பேர். திரையில் பேசும் இவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

'நான் அவரோட தம்பி' என்று தட்டினார். அதற்கு மேல் விரல் போகவில்லை. கட்டாத வீட்டைக்கூட ஜன்னல் ஜன்னலாக வர்ணித்து விற்ற மனிதர், அந்த மூன்று சொல்லையும் ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

மனைவி ஃபோனில் அழைத்தாள்.

"எல்லாரும் சாப்பிடாம உக்காந்திருக்கோம். சாவியக் குடுத்துட்டு வர்றதுக்கு இவ்ளோ நேரமா?"

"நீங்க சாப்பிடுங்க. இங்க ஒரு வேல பாதியில இருக்கு."

"அங்க உங்களுக்கு என்னங்க வேல?"

"வந்து சொல்றேன்."

வாசலுக்குப் போய், சாவியைப் பொழுது சாய்ந்து தருவதாக வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்று முழங்காலில் பட்டது. அவர் காலை நகர்த்தவில்லை.