சுவருக்கு வெளியே ஒரு களாப்புதர்

கிறிஸ்துதாஸ் கல்லுளிமங்கன். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் தலைப்பிள்ளை செத்தே பிறந்தபோது, துணியில் சுற்றி எடுத்துப்போய் எங்கே புதைத்தார் என்று மனைவி ஞானசௌந்தரியிடம் கடைசிவரை சொல்லவில்லை. "தெரிஞ்சா அங்கியே போய் குந்திக்குவே" என்பார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை என்று அன்று பெரியவர்கள் பேசிக்கொண்டது மட்டும் அவளுக்குத் தெரியும். அப்புறம் ஒரு பிள்ளையும் தங்கவில்லை.

ஆடி பிறந்தால் அவர் ஒரு பை களாக்காய் கொண்டுவருவார். அவள் ஊறுகாய் போடுவாள். அவர் மட்டும் தொடமாட்டார். "பல்லு கூசுதா உனக்கு?" என்று கிண்டல் செய்துகொண்டே அவள் விரலை நக்குவாள்.

சித்திரையில் அவரும் போய்ச் சேர்ந்தார். ஆடி முதல் வாரம் அவர் கல்லறையைக் கழுவச் செம்பரம்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். குழிவெட்டும் யூஜின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"அண்ணாத்தே இல்லாம களாக்காய் பறிக்க ஆளே வரலக்கா."

"எங்க பறிப்பாரு?"

யூஜின் சுவருக்கு அப்பால் கைகாட்டினான். "அதோ, அவரு வச்ச செடி. புள்ளைய நாய் தோண்டிடக் கூடாதுன்னு முள்ளுக்காக வச்சாரு. செத்துப்போன எங்கப்பாதான் குழி வெட்டினாரு." அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்தான். "உனக்குத் தெரியாதா?"

அவளுக்கு வாயெல்லாம் புளித்தது. பொத்திக்கொண்டாள். பாவி மனுஷன், எதை எனக்கு ஊட்டினான்! அழுகையும் வந்தது. வருடம் ஒருமுறை பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார். வாய்திறந்து சொல்லத்தான் துப்பில்லை.

புதரைச் சுற்றி, பிளாட் போட மனைக்கல் நட்டிருந்தது. நாளைக்குப் புதரை வழித்தெடுக்கப் பொக்லைன் வருகிறதாம், யூஜின் சொன்னான்.

"இன்னிக்கே எடுத்து அவரு பக்கத்துல வச்சிடு யூஜின்."

இப்போதுள்ள ஃபாதரிடம் போனில் கேட்டான். அவர் மறுக்கவில்லை. யூஜின் வெட்ட, முள் கிழிப்பதைப் பார்க்காமல் அவளும் கையால் தோண்டினாள். எலும்பு ஒன்றும் இல்லை, வேர்தான் இருந்தது. வேரில் ஒட்டிய மண்ணை முந்தானையில் ஏந்திவந்து கணவன் பக்கத்தில் இட்டாள்.

யூஜின் சின்னதாய் ஒரு சிலுவை நட்டு, பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். "இன்னா பேருக்கா எழுதணும்?"

அன்று அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் பிள்ளையைத் தூக்கிப்போய்விட்டார்கள். கேட்டதற்கு, செத்தது எதுவாயிருந்தா இன்னா என்று மாமியார் அடக்கிவிட்டாள்.

"உங்கப்பா எதனா சொல்லிகிறாரா? பையனா, பொண்ணா?"

யூஜின் இல்லையென்று தலையாட்டினான். தெரிந்தவர்களில் கடைசி ஆளும் அவள் காலடியில் படுத்திருந்தார்.