சாவியை மாத்தித் தாரோம்

“சுடலைக்கண்ணன் மாமா சாவியைத் திருப்பிக் குடுங்க, அண்ணாச்சி.”

விஜயராணி இப்படிக் கேட்டதும் பக்கத்து மேசையில் இருந்த உமைரா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ராணி வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள்தான் சொல்லிவைத்திருந்தாள்: லீவு கேள், அட்வான்ஸ் கேள், இந்த ஆபீசுக்குள் வந்த சாவியை மட்டும் திருப்பிக் கேட்காதே. காலையில் டிபன் டப்பா இல்லாமல் வந்தபோதே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்திருந்தாள் உமைரா.

திலக் நகர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர் மாடியில் தங்கபாண்டி அண்ணாச்சியின் ஏஜென்சி. எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போடும் சாஃப்ட்வேரை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக விற்றுக்கொடுப்பது தொழில். முன்பெல்லாம் ஒரு தடவை வாங்கினால் போதும். பென் டிரைவ் மாதிரி ஒரு கட்டை வரும். கம்ப்யூட்டரில் செருகினால் சாஃப்ட்வேர் திறக்கும், பிடுங்கினால் திறக்காது. தாராவியில் அதற்குச் சாவி என்றே பெயர். இப்போது கம்பெனி எல்லாவற்றையும் சந்தாவாக்கிவிட்டது. பழைய வெர்ஷன்காரர்களிடம் சாவியை வாங்கிக்கொண்டு சந்தாவுக்கு மாற்ற வேண்டும். முதல் வருஷம் இலவசம். வீடு வீடாகப் போய் மாற்றியது ராணி.

“எதுக்குட்டி?” என்றார் அண்ணாச்சி, டீயை ஆற்றிக்கொண்டே.

“அவரு பட்டறை பந்த் ஆயி மூடிக் கிடக்கு. ஓசி வருஷம் முடிஞ்சிட்டு. ஒத்த கம்ப்யூட்டருக்குன்னு இருந்த சின்ன ப்ளானைக் கம்பெனி தூக்கிட்டான். இனி எடுத்தா அஞ்சுக்குச் சேத்துத்தான் எடுக்கணுமாம். அவர்ட்ட இருக்கது ஒண்ணு. மத்த நாலைத் தலையிலயா வைப்பாரு?”

“அதுக்கு நான் என்னட்டி செய்ய? கம்பெனி நானா நடத்துதேன்?”

“பழைய வெர்ஷன் அவரு கம்ப்யூட்டர்ல அப்படியேதான் கிடக்கு. சாவியைச் செருகுனாத் திறந்திரும். ஸ்கூல் திறக்கப் போறான். பேட்ஜ் ஆர்டர் கைமாறிப் போச்சுன்னா அவரு எந்திரிக்க மாட்டாரு, அண்ணாச்சி. அந்த ஒரு சீசன்லதான் அவங்க வருசமே ஓடுது.”

“கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்தாரு? அவருக்குப் படிச்சுக் காட்டுனது நீதானே?”

“நான்தான்,” என்றாள் ராணி. ரயிலில் இடிப்பவனிலிருந்து ரேஷன் கடைக்காரன் வரை யாருக்கும் அடங்காத வாயிலிருந்து அந்த ஒரு சொல்தான் வந்தது.

தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்பில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் சுடலைக்கண்ணனின் எம்பிராய்டரிப் பட்டறை. அவள் டிகிரி முடித்தபோது, சந்திலேயே முதல் பட்டதாரி என்று ஒரு துணிப்பையில் ‘விஜயராணி, பி.காம்.’ என்று சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தவர். இப்போதும் அவள் தோளில் கிடந்தது அந்தப் பைதான்.

ஒப்பந்தம் முழுக்க இங்கிலீஷ். அதை அவருக்கு அவள் ஒரே வரியில் சொன்னாள்: “சாவியை மாத்தித் தாரோம், மாமா.”

“பழசைக் குடுத்தாப் புதுசு தருவாங்க, அப்படித்தானே? எப்ப வரும் தாயி?”

“எல்லாம் ஆன்லைன்ல வந்திரும்.”

பொய் இல்லை. ஆனால் அவர் என்ன புரிந்துகொண்டார் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரியும். அந்த மாதம் அவள் மாற்றிக் காட்ட வேண்டிய கணக்கில் ஒரு ஆள் குறைந்தது, அதனால் திருத்தவில்லை. அவர் சாவியைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். புதுச் சாவி மாட்ட மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். அது காலியாகவே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்திக் கேட்டார்: “புதுச் சாவி வந்து சேரல போல தாயி, அதான் இத்தனை நாளு சும்மா திறந்தது இப்பத் திறக்க மாட்டேங்கு. கூரியர்காரன் எங்கயும் மாத்திக் குடுத்துட்டானான்னு உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளேன்.”

திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள். அவர் கூரியர்காரனைச் சந்தேகப்பட்டார்.

“நாளைக்குக் கம்பெனி ஆள் வாரான்,” என்றார் அண்ணாச்சி. “வாங்குன சாவி எல்லாத்தையும் எண்ணிப் பாத்துட்டு உடைப்பான். ஒண்ணு குறைஞ்சாலும் ஏஜென்சி போயிரும். போய் வேலையப் பாரு.”

ராணி அவர் மேசையைச் சுற்றிவந்து கீழ் டிராயரை இழுத்தாள். பிஸ்கட் டப்பா இருந்தது. வாங்கிய சாவிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதில் போட்டவளே அவள்தான். மூடியைத் திறந்தாள்.

சுடலைக்கண்ணனுடையதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மெஷினோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார், காய்ந்து ஒட்டியிருந்தது. அதை எடுக்கும்போது அடியில் கிடந்தவையும் புரண்டன. கறுப்புக் கயிறு சுற்றியது தௌசீப் பாயுடையது. நெயில் பாலிஷில் புள்ளி வைத்தது அக்தர் பானுவுடையது. எல்லாரிடமும் அதே வரியைத்தான் சொல்லியிருந்தாள். அவர்கள் யாரும் அவளைத் தாயி என்று கூப்பிடவில்லை. அதனால் அவர்களுக்காக அவள் ஒரு நாள்கூடத் தூக்கம் கெடவில்லை.

எடுத்த சாவியைத் திரும்ப உள்ளே போட்டாள். டப்பாவை மூடி, முழுசாகப் பைக்குள் வைத்தாள்.

அண்ணாச்சியின் டீ மேசையில் சிந்தியது. “ஏட்டி, ஒண்ணுதானே கேட்ட?”

“ஆமா, ஒண்ணுதான் கேட்டேன். அதுவே தப்பு.”

“போலீசுக்குப் போவேன்.”

“போங்க. என்ன சொல்லி வாங்குனேன்னு அங்கயும் சொல்லுதேன்.”

உமைரா வாசல்வரை பின்னாலேயே வந்தாள். “பாகலா நீ? பைத்தியமா பிடிச்சிருக்கு? எங்கடி போற?”

“மொதல்ல மாமா பட்டறைக்கு.”

“சாவியைக் குடுத்துட்டு வந்து அண்ணாச்சி கால்ல விழுந்திரு. அவரு மறந்துருவாரு.”

“குடுக்க மட்டும் போகல. புதுச் சாவின்னு ஒண்ணு வரவே வராது, அது எனக்கு அன்னைக்கே தெரியும்னு அவர்ட்ட சொல்லணும். அப்புறம் மத்தவங்க வீட்டுக்கு.”

உமைரா அவளையும் பையையும் மாறிமாறிப் பார்த்தாள். “மத்தியானம் இங்க இருக்க மாட்டன்னு தெரிஞ்சுதான் இன்னைக்கு டிபன் கொண்டாரலையா?”

ராணி ஆமென்று தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள்.