அறுபது வாத்துகளும் நவமணியின் பெயரும்

ஷெரிலுக்கு அன்று காலையில் தலைகால் புரியவில்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அவளது அலுவலகம், முதல் முறையாக ஒரு மதிப்பீட்டை முழுசாக அவள் கையில் கொடுத்திருந்தது. பருவநிலை மாறி வெள்ளம் அடிக்கடி வர ஆரம்பித்த பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பிழைக்க ஒரு திட்டம் போட்டார்கள். அது பலன் தந்ததா என்று அவள் பார்த்து வரவேண்டும். மோட்டார் சைக்கிளைப் பெர்ரிப் படகில் ஏற்றிவிட்டு, கேள்வித்தாளை மூன்று தடவை படித்தாள். பிறகு யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பி ஒரு சின்ன ஆட்டம் போட்டாள்.

திட்டம் எளிமையானது. வெள்ளத்தில் கோழி செத்துப்போகும், வாத்து மிதக்கும். ஆகவே சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பால் இருக்கும் மேல்கம்பம் என்ற கிராமத்தில் பத்துக் குடும்பங்களுக்கு அறுபது வாத்துகள். இந்த ஞானத்தைப் பெற ஆறு பெரிய மனிதர்கள் மூன்று நாள் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து கூட்டம் போட்டார்களாம்.

மேல்கம்பத்தில் வாத்துக் குழுவுக்குத் தலைவி நவமணி. ஐம்பது வயது, நெடுநெடுவென்ற உருவம், நாலு வீதிக்குக் கேட்கும் குரல். ஆனால் அன்று அவள் குரல் கீழே இறங்கியிருந்தது. பத்து வீட்டு வாத்தையும் அடைத்துவைத்த பொதுக் கொட்டகை காலி. ஒரு இறகுகூட இல்லை.

"பாஞ்சிர் வந்து வெள்ளம் ஏறினப்ப எங்கள ஸ்கூல் டேவான் மண்டபத்துல கொண்டுபோய் வெச்சுட்டாங்க. ஆறு நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சு வந்து பாத்தா ஒன்னுகூட இல்ல தங்கச்சி. கரையெல்லாம் தேடினேன். உங்க ஆபீஸ்லேர்ந்து முன்னாடி ஒருத்தர் வந்தாரு. அவரு என்னா எழுதினாரு தெரியுமா? வித்தோ தின்னோ தீத்திருக்கலாம்னு."

அந்த ஒரு வரி கம்பம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. வரிக்கு வாய் முளைத்தால் சும்மா இருக்குமா?

"கோயில்ல பிரசாதம் கொடுக்கறப்பகூட வாத்துக்கறி எப்படிக்கா இருந்துச்சுன்னு கேக்கறாங்க லா. எனக்கு வேற வாத்து வேணாம். பத்து வீட்டு வாத்த ஒருத்தி தின்னுட்டான்ற பேரு போகணும். அவ்ளோதான்."

ஷெரில் பதினேழாவது கேள்வியைப் பார்த்தாள். வாத்துகள் இப்போது இல்லையென்றால் காரணம்: இறந்தன, விற்கப்பட்டன, உண்ணப்பட்டன. மூன்றே கட்டங்கள்.

"காணாமப் போச்சுன்னு கட்டம் இல்லையா?"

"இல்லக்கா. நாலு மணிக்குள்ள எங்க ஆபீஸ் பீட்டர் சாருக்கு அனுப்பணும். எதாச்சும் ஒன்னுல டிக் பண்ணியே ஆகணும்."

ஷெரில் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினாள்.

அடுத்தது கீழ்கம்பம். ஆற்றின் போக்கில் நாலு மைல் தள்ளி, எதிர்க்கரையில் இருக்கிறது. பாலம் சுற்றிப் போக முக்கால் மணி நேரம். மேல்கம்பத்து ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. திட்டம் கிடைக்காத ஊர் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவே அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே திட்டத்தைப் பற்றி வாயே திறக்கக்கூடாது, தாளில் உள்ளதை மட்டும் கேட்க வேண்டும் என்பது பீட்டர் சாரின் கண்டிப்பான உத்தரவு.

முதல் வீட்டில் ரோஹானா என்ற குண்டுப் பெண்மணி, வாசல் நிறைந்த சிரிப்போடு நாற்காலி போட்டாள். ஷெரில் மலாய் மொழியில் கேட்டாள். ஏதாவது உதவி கிடைத்ததா? இல்லை. போன வருஷத்தைவிட வருமானம் எப்படி? ரொம்ப நல்லது, முட்டை விற்கிறோம். என்ன முட்டை? வாத்து முட்டை.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். ஷெரில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாத்து கொடுத்த ஊர் கெட்டது, கொடுக்காத ஊர் வாத்து வளர்த்துச் செழித்தது. இந்தத் தாளை நம்பினால், வாத்து பெருக வேண்டுமென்றால் யாருக்கும் வாத்து கொடுக்கவே கூடாது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாத்து எங்கிருந்து வந்தது என்று கேட்க மட்டும் அந்த நாற்பது கேள்விகளில் ஒரு கேள்வி இல்லை.

ரோஹானா வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டு, உத்தரவாவது ஒன்றாவது என்று கேட்டே விட்டாள்.

"வெள்ளம் வடிந்த காலையில் கதவைத் திறந்தேன். விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி படி நிறைய நின்றுகொண்டிருந்தன," என்றாள் ரோஹானா. "உரியவர்கள் வரலாம் என்று எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். மழையில் எழுத்தே அழிந்துவிட்டது. ஒருவரும் வரவில்லை. வீட்டுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வளர்க்கிறோம்."

மிதக்கிறது நின்ற இடத்திலேயே நின்று மிதக்காது என்று அந்த ஆறு பெரிய மனிதர்களுக்கும் மூன்று நாளில் தோன்றவில்லை, பாருங்கள்.

ஷெரில் நவமணிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். "ஆனா அக்கா, எல்லா வாத்தும் ஒரே மாதிரிதான் இருக்கு. உங்களுதுன்னு சார எப்படி நம்ப வைக்கறது?"

அந்தப் பக்கம் நவமணி பாத்திரங்களை உருட்டி எதையோ தேடும் ஓசை கேட்டது.

"ஸ்பீக்கர்ல போடு. சத்தத்த முழுசா வை."

போனிலிருந்து தகர மூடியைக் கரண்டியால் தட்டும் ஓசை வந்தது. பிறகு நாலு வீதிக்குக் கேட்கும் அந்தக் குரல். "ஓடியா ஓடியா ஓடியா, மகாராணிங்களா, சோறு ஆறுதுடி."

முதலில், தூண்கள் மேல் நிற்கும் ரோஹானா வீட்டுக்கு அடியிலிருந்து ஒன்று தலையை நீட்டியது. அப்புறம் வாழைத்தோப்பு, வாய்க்கால், பக்கத்து வீட்டுச் சமையற்கட்டு என்று மூலைமுடுக்கெல்லாம் திறந்துகொண்டது. இடுப்பை ஆட்டி ஆட்டி, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, கம்பத்தின் ஒட்டுமொத்த வாத்தும் ஷெரிலை நோக்கி ஓடி வந்தது. அந்தக் குரலை ஒருநாளும் கேட்டிராத குஞ்சுகளும் அம்மா ஓடுகிறாளே என்று பின்னால் உருண்டு வந்தன. ஷெரில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள். ரோஹானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர்களுடையதுதான். எழுதிக்கொள்," என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். குஞ்சுகளைப் பற்றி மட்டும் பேசி முடித்துக்கொள்ளலாம்."

"வந்துச்சா தங்கச்சி?"

"வந்துருச்சுக்கா. எல்லாம் வந்துருச்சு."

போனில் விசும்பலும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நவமணி சொன்னாள். "உங்க சாரையும் இந்தப் போன்லயே சேத்துவிடு."

பீட்டர் சார் லைனில் வந்தார். "ஷெரில், மணி மூணரை. பதினேழாவது கேள்விக்குப் பதில் எங்க? என்னா சத்தம் அது?"

"அதுதான் சார் பதில்."

"சார், நவமணி பேசறேன்," என்றது போன். "நான் திங்கல."

பீட்டர் சார் தொண்டையைச் செருமினார். "எத்தனை இருக்கு, எண்ணினியா?"

"நிக்க மாட்டேங்குதுங்க சார்," என்றாள் ஷெரில், நாற்காலி மேலிருந்து.

"இப்ப எண்ண வேணாம் தங்கச்சி," என்றாள் நவமணி. "நாளைக்கு லாரி புடிச்சு மேல்கம்பத்து ஆளுங்க அத்தன பேரையும் கூட்டிட்டு வரேன். சாரும் வரட்டும். எல்லார் முன்னாலயும் எண்ணுவோம்."