நீலமேகம் வகையறாவின் நூறாவது பிள்ளை

நீலமேகம் வகையறாவில் மொத்தம் எத்தனை பேர் என்பது யாருக்குமே தெரியாது என்ற விஷயம், தீபன் கல்யாணத்தில் மூன்றாம் பந்தி உட்காரும்போது பிரியாணி தீர்ந்துபோனதில்தான் வெளிப்பட்டது. "நம்ம ஆளுங்களே இத்தினி பேரு கீறாங்களா" என்று மாப்பிள்ளையின் அம்மா குணசுந்தரி வாயைப் பிளந்தாள். பக்கத்தில் நின்ற செங்கொடிக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

செங்கொடி குணசுந்தரியின் அண்ணன் மகள். திருவொற்றியூரில் பிறந்து, நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. பெட்டிக்கெல்லாம் கணக்கு இருக்கிறது, சொந்த ரத்தத்துக்குக் கணக்கில்லையே என்று அன்றைக்கே போனில் ஒரு பட்டியலைத் தொடங்கிவிட்டாள்.

நீலமேகமும் கெங்கம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அவர்கள் பெற்றது பதினொன்று. அந்தப் பதினொன்றிலிருந்து கிளைத்தவர்கள் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலோரமாகவும், உள்ளே மாத்தூர், கொருக்குப்பேட்டை என்றும் பரவிக் கிடந்தார்கள். செங்கொடி ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். எத்தனை பிள்ளை, எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி, எடை எவ்வளவு, சுகப்பிரசவமா, ஆப்பரேஷனா. வருஷத்தை மறந்த பெண்கள்கூட எடையை மறக்கவில்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பில் அவள் வாரத்துக்கு ஒரு செய்தி விட ஆரம்பித்தாள். அதிக எடையில் பிறந்தவன் ராயபுரத்து தீனா, நாலரைக் கிலோ என்று போட்ட அன்று, துடுப்புக்கட்டை மாதிரி ஒல்லியாக இருக்கும் தீனாவின் போட்டோவை ஆளாளுக்கு அனுப்பிச் சிரித்தார்கள். 

பெரிய கலகலப்பு உண்டானது மாதக் கணக்கைப் பார்த்தபோதுதான். பெரியவர்கள் காலத்தில் பிள்ளைகள் எல்லா மாதத்திலும் பிறந்திருந்தார்கள். இந்த இருபது வருஷத்தில் பாதிக்குமேல் தையிலும் மாசியிலும். செங்கொடிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. விரல் விட்டுப் பத்து மாதம் பின்னால் போனதும் அலுவலக நாற்காலியிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சித்திரையும் வைகாசியும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். ஆம்பிளைகள் வீட்டில் இருப்பார்கள்.

அதை அவள் குரூப்பில் போட்டதும் அன்று முழுக்க ஒரு ஆம்பிளையும் வாய் திறக்கவில்லை. பெண்கள்தான் பேசித் தீர்த்தார்கள். "மீனு பெருகறதுக்குத்தான் தடைன்னு சொன்னாங்க" என்று குணசுந்தரி அனுப்பிய குரல் செய்தியை எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

கணக்கு தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது. அப்போது வகையறாவில் இரண்டு பேர் முழுகாமல் இருந்தார்கள். தீனாவின் பொண்டாட்டி மெர்லினுக்குத் தை தொடக்கத்தில் தேதி. செங்கொடியின் தம்பி பாரிக்கு வாய்த்த உதயாவுக்குத் தை கடைசியில். அப்படியானால் நூறாவது பிள்ளை உதயாவின் வயிற்றில்.

இது தெரிந்ததும் வகையறா இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முந்திப் பெற்றால் தொண்ணூற்றொன்பது, பிந்திப் பெற்றால்தான் நூறு. "மெர்லினு, வலி வந்தாலும் அடக்கிக்கினு இரு" என்று ராயபுரத்துக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். திருவொற்றியூரில் உதயாவை மாடிப்படி ஏறவே விடவில்லை. பாரி ஒருபடி மேலே போய், நடுவில் போட்டோவுக்கு இடம் விட்டு 'எங்கள் வகையறாவின் நூறாவது வாரிசே வருக' என்று ஆளுயர பேனரை அடித்து வாங்கி வந்துவிட்டான். 

உதயாவின் வளைகாப்பு அன்று வீடு கொள்ளவில்லை. ஆளாளுக்கு வளையல் அடுக்கியதில் முழங்கைவரை ஏறிவிட்டது. குணசுந்தரிதான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள், நலங்கு வைத்தாள், மெர்லினைக் கூப்பிட்டு அவளுக்கும் இரண்டு ஜோடி போட்டாள். காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் விற்ற குரல், தெருமுனை வரை கேட்டது. அந்த ஆரவாரம் கொஞ்சம் அடங்கியபோது அவள் செங்கொடியைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"செங்கு, எம்பேருக்கு நேரா இன்னா போட்டுகீற?"

செங்கொடி போனைத் திறந்து பார்த்தாள். "ஒண்ணு அத்த. தீபன்."

"ரெண்டு" என்றாள் குணசுந்தரி. "மொதல்ல ஒரு பொண்ணு. மூணு நாளு இருந்தா."

இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

"உங்க மாமா கடலுக்குப் போயிருந்தாரு. அவரு கரையேறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. அவரு பாக்கவேல்ல. எங்கம்மா பேர வெச்சேன், கெங்கம்மான்னு. பேரு வெச்சது எனக்கு மட்டுந்தான் தெரியும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுத மாதிரி இல்லை, வேர்வையைத் துடைக்கிற மாதிரிதான் இருந்தது. "எல்லாத்துக்கும் எட போட்டுக்கினு வரியே, அவளுக்கும் போடு. ரெண்டே முக்கா கிலோ."

"அப்போ எட போட்டாங்களா அத்த?"

"வூட்டுல பொறந்தவள யாரு எட போட்டா? இந்தக் கையில வாங்குனேன். எனக்குத் தெரியாதா."

செங்கொடி அங்கேயே நின்று தட்டினாள். கெங்கம்மா, பெண், காசிமேடு, வீட்டில், இரண்டே முக்கால். அதற்குக் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு படி இறங்கின. குணசுந்தரி எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்து, "ஆங்" என்றாள். பிறகு உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள்.

பாரிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. கணக்கு ஒன்று கூடினால் நூறு மெர்லினுக்குப் போய்விடும்.

"யக்கா, நல்ல நாளும் அதுவுமா செத்துப்போனத எல்லாம் இன்னாத்துக்கு இழுக்குற? நானு பேனரு அடிச்சி வெச்சிகீறேன்."

வளையல் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த உதயா நிமிர்ந்தாள். "அத்த புள்ள பொறந்துச்சா, இல்லியா? அத சொல்லு மொதல்ல."

பாரி மெதுவாகத் தலையாட்டினான்.

"பொறந்துச்சில்ல. அப்ப எழுது அண்ணி" என்றாள் உதயா.

அன்றிரவு செங்கொடி பட்டியலைத் திரும்ப மேலிருந்து படித்தாள். எத்தனை பிள்ளை என்று கேட்டபோது எல்லோரும் இருக்கிற பிள்ளைகளைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் குரூப்பில் ஒரு குரல் செய்தி விட்டாள். "பொறந்து தங்காம போன புள்ளைங்க யார் வூட்லனா இருந்தா எனக்குச் சொல்லுங்க. எழுதிக்கிறேன். சொல்ல இஷ்டம் இல்லன்னாலும் பரவால்ல."

பத்து மணிவரை சத்தமே இல்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. பெட்டி எண்ணை இரண்டு தரம் தவறாக அடித்தாள். அப்போது மனோகரன் பெரியப்பாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. எழுபதைத் தாண்டியவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், குரூப்பில் இதுவரை ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை. எப்படிப் பேசி அனுப்புவதென்று பேரனிடம் கேட்டிருப்பார் போல, தொடக்கத்தில் "இத்த அமுக்கிக்கினே இருக்கணுமா" என்பதும் பதிவாகியிருந்தது.

"செங்கொடி, எனக்கு ரெண்டாவது ஒரு பையன். நடக்க ஆரம்பிச்சிட்டான். ஜுரத்துல போய்ட்டான். பேரு அன்பழகன். எந்தோளு மேல ஒக்காந்துக்கினு கப்பல் பாப்பான். எழுதிக்க."

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிலர் குரூப்பிலேயே பேசினார்கள், சிலர் தனியாக அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு சித்தி பிறந்த நட்சத்திரத்தைக்கூடச் சொன்னாள். வாசலில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்க, செங்கொடி ஒரு காதில் போனும் கையில் பெட்டிச் சீட்டுமாக ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் துக்கம் இல்லை. இத்தனை காலமும் தனித்தனியாக வைத்திருந்ததை எல்லோரும் கொண்டுவந்து ஒரே இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். 

சாப்பாட்டு நேரத்துக்குள், குணசுந்தரியின் கெங்கம்மாவோடு எட்டுப் பெயர்கள் சேர்ந்துவிட்டன. மொத்தம் நூற்றாறு. அப்படியானால் நூறாவது எப்போதோ பிறந்தாகிவிட்டது. டிபன் டப்பாவைத் திறக்காமலே பிறந்த தேதி வாரியாக அடுக்கி, மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணினாள். மதி. மாத்தூரில் இருக்கும் சித்தப்பா மகள் ஜெயஸ்ரீயின் பெண்.

மதி கொரோனா ஊரடங்கில் பிறந்தவள். ஜெயஸ்ரீயின் தெருவையே தகரம் வைத்து அடைத்திருந்த சமயம். வகையறாவில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. தொட்டில் போடவில்லை, சீர் கொண்டுபோகவில்லை, பிறகு எல்லாம் திறந்தபோது குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. அப்படியே விட்டுப்போய்விட்டது.

செங்கொடி உடனே ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டாள்.

"ஜெயா, நூறாவது யாருன்னு தெரிஞ்சிபோச்சி."

"மெர்லினா, உதயாவா?"

"உம்பொண்ணு."

ஜெயஸ்ரீ வீட்டு அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "வெளையாடாத அக்கா" என்றாள் பிறகு. அதற்கும் பிறகு, "அவளுக்கு பேரு வெக்க சொல்லோ நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். போன்ல காட்னோம், அதுவும் நின்னு நின்னு போச்சி" என்றவள், திடீரென்று, "மதி, இங்க வாடி, ஓடியா" என்று கத்திக்கொண்டே போனை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குரூப் அன்று தீப்பிடித்த மாதிரி இருந்தது. விட்டுப்போன விசேஷத்தைச் செய்தே தீரவேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சாயங்காலம் பாரி செங்கொடி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நடுவுல போட்டோக்கு எடம் வுட்டுதான் வெச்சிகீறேன். மதி போட்டோ ஒண்ணு குடு. ஒட்டிட்டு வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் கடலைப் பார்த்த ஒரு சின்ன மண்டபத்தில் கூடினார்கள். இந்த முறை கணக்குப் பார்த்துச் சமைத்ததால் பிரியாணி மிச்சமே ஆனது. பட்டுப் பாவாடையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த மதி, வருகிறவர்களிடமெல்லாம் "நீ எத்தினியாவது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் தெரியாதவர்களைச் செங்கொடியிடம் அனுப்பினாள். மனோகரன் பெரியப்பா வரிசையில் நின்று தன் மகன் எத்தனையாவது என்று கேட்டுப் போனார். முப்பத்தொன்று என்றதும், "முப்பத்தொண்ணா" என்று தலையாட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

மெர்லினுக்குத் தேதி தாண்டி நாலைந்து நாள் ஆகியிருந்தது. அவள் நிதானமாக இரண்டாவது தட்டுப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்லோர் கண்ணும் அவள் மேலேயே இருந்ததால், மேடைக்குப் பக்கத்தில் உதயா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை யாரும் கவனிக்கவில்லை. குணசுந்தரிதான் பார்த்தாள்.

"டேய் பாரி, வண்டிய எடு."

"இன்னும் நாளு கீதே அத்த."

"அத வயித்துல கீற புள்ளயாண்ட சொல்லு. எட்றா வண்டிய."

வேனில் உதயாவுக்கு ஒருபக்கம் குணசுந்தரி, மறுபக்கம் செங்கொடி. எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை வரிசையாக நின்றன. வேன் நகரவில்லை. உதயா பல்லைக் கடித்துக்கொண்டு செங்கொடியின் கையை நசுக்கினாள். பாரி பக்கத்து சீட்டிலிருந்த தீபனிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கீழே குதித்தான். ஓடிப்போய் ஒவ்வொரு லாரிக் கதவையும் தட்டி, "நைனா, புள்ளத்தாச்சி கீது, கொஞ்சம் ஒதுங்கு" என்று கெஞ்சினான். டிரைவர்கள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, முன்னால் இருப்பவனுக்கு ஹாரன் அடித்துச் சொன்னார்கள். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். அத்தனை பெரிய வண்டிகள் இஞ்ச் இஞ்சாக ஒதுங்கி ஒரு வேன் போகிற அளவுக்கு வழிவிட்டன. பாரி வேனுக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே காசிமேடு வரை ஓடினான். ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

ராயபுரம் ஆஸ்பத்திரியில் உதயாவை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மண்டபத்துக் கூட்டம் ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கியது. கூட ஒருத்தர்தான் இருக்கலாம் என்று காவலாளி சொன்னார். ஒருத்தராக குணசுந்தரி உள்ளே போனாள். மற்றவர்கள் வெளியே மர நிழலில் உட்கார்ந்தார்கள். பட்டுப் புடவையும் மல்லிப்பூவுமாக இத்தனை பேரைப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

நர்ஸ் கதவைத் திறந்து உதயாவின் பேரைச் சொன்னதும் ஒரு ஓ எழுந்தது. பொம்பளைப் பிள்ளை. இரண்டு உயிரும் நல்லபடி. பாரி ஒரு காலில் செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்சம் கழித்துக் குழந்தையைத் துணியில் சுற்றி குணசுந்தரி வெளியே கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் லேசாக ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். 

"மூணு கிலோ, கொஞ்சம் கம்மி" என்றாள். "எழுதிக்கோ செங்கு."

செங்கொடி போனை எடுத்தாள். அவசரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் வாசல் பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோளில் ஒரு பையும் கையில் பிளாஸ்க்குமாக தீனா இறங்கினான். அவனுக்குப் பின்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சிரித்தும் முகத்தைச் சுளித்தும், மெர்லின்.

"இவளுக்கும் வலி வந்துகிச்சி யக்கா" என்றான் தீனா.

மர நிழலில் இருந்த மொத்த வகையறாவும் ஒரே சமயத்தில் எழுந்தது.